காற்றடித்துத் தண்ணீர் எடுக்கும் கணக்கு

கோடையில் துவரங்குறிச்சி, வளநாடு, மருங்காபுரி பக்கம் மூணு பேஸ் கரண்ட் வந்த அஞ்சாவது நிமிஷம் காட்டுக்குக் காடு ஒரே சத்தம்தான். தடதடவென்று ஓடும் கம்ப்ரசர் மோட்டார். குழாய் வாயில் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று, பிறகு ஒரு வாய் தண்ணி, மறுபடியும் காற்று. இருமி இருமித் துப்புகிற மாதிரி வரும் அந்தத் தண்ணியை நம்பித்தான் கத்தரியும் மக்காச்சோளமும் நிற்கிறது, மாடு குடிக்கிறது, பல வீட்டில் மனுசரும் குடிக்கிறார்கள்.

திருச்சி மாவட்டம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குக் காவிரிதான் ஞாபகம் வரும். ஸ்ரீரங்கத்தைக் காவிரியும் கொள்ளிடமும் சுற்றி ஓடுகின்றன, லால்குடிப் பக்கம் வாய்க்கால் பாசனம். அதே மாவட்டத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் மருங்காபுரிக்குக் காவிரிப் பாசனம் கிடையாது. வானம் பெய்தால் ஏரி, குளம். இல்லாவிட்டால் கிணறு, போர். மேலே கொஞ்சம் செம்மண், கீழே கெட்டிப் பாறை. பாறைக்குள் தண்ணீர் குளம் மாதிரி நிற்பதில்லை. வெடிப்பு, விரிசல் வழியாகக் கசிந்து வருவதுதான் தண்ணீர். இப்படி ஊறுகிற போரில் சாதாரண நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால் கால் மணி நேரத்தில் தண்ணீர் வற்றி, மோட்டார் வெறும் ஓட்டம் ஓடிச் சுருள் கருகிவிடும். இப்படி இரண்டு மோட்டார் கருகினவர்தான் மூன்றாவதாகக் கம்ப்ரசருக்குப் போகிறார்.

அது சரியான முடிவாகவும் இருக்கலாம், தப்பான முடிவாகவும் இருக்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர் போட்டார் என்று நாமும் போடுவதற்கு முன்னால், கம்ப்ரசர் என்ன செய்கிறது, என்ன செய்யாது என்று பார்த்துவிடுவோம்.

எத்தனை வகை?

வேலை ஒன்றுதான். வெளிக்காற்றை இழுத்து, அதன் இடத்தைச் சுருக்கி, அழுத்தம் ஏற்றித் தருவது. சைக்கிள் பம்பும் கம்ப்ரசர்தான். வேகமாக நாலு அடி அடித்துவிட்டு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்க, சுடும். பெரிய கம்ப்ரசரிலும் இதே கதை. நாம் கொடுக்கிற கரண்டில் பெரும்பங்கு சூடாகப் போய்விடுகிறது. இதை ஞாபகம் வையுங்க, பின்னால் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

நம் கண்ணில் அதிகம் படுவது பிஸ்டன் கம்ப்ரசர். பஞ்சர் கடை, பெயிண்ட் அடிக்கும் பட்டறை, போர்க் கிணறு எல்லாவற்றிலும் இதுதான். இதில் ஒரு கட்டம், இரண்டு கட்டம் என்று உண்டு. ஒரு கட்ட மிஷின் ஒரே அடியில் காற்றைச் சுருக்கும்; ஏழெட்டு கிலோ அழுத்தம் வரை அதற்கு ஏற்றது. இரண்டு கட்ட மிஷின் பெரிய சிலிண்டரில் ஒரு முறை சுருக்கி, வழியில் ஒரு குழாயில் ஆறவிட்டு, சின்ன சிலிண்டரில் மறுபடி சுருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ வரை போகும். கடையில் "ரெண்டு தலை இருக்கு, இது டபுள் ஸ்டேஜ்" என்று சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு சிலிண்டரும் ஒரே பருமன் என்றால் அது ஒரு கட்டம்தான். ஒன்று பருத்தும் ஒன்று ஒல்லியாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது ஸ்க்ரூ கம்ப்ரசர். ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரண்டு திருகு உருளைகள் சுற்ற, காற்று நடுவில் சிக்கிச் சுருங்கி மறுமுனையில் வெளியே வரும். சுவீடன் நாட்டுப் பொறியாளர் லிஷோம் 1930-களில் இதை வேலைக்கு ஆகும்படி ஆக்கினார். விட்டுவிட்டு அடிக்காமல் தொடர்ந்து நிறையக் காற்று தரும். போர் போடும் ரிக் வண்டியின் முதுகில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான். இன்று இந்த மிஷின்களுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1960-ல் தொடங்கிய எல்ஜி முதல் சின்னப் பட்டறைகள் வரை கோயம்புத்தூரே கம்ப்ரசர் ஊர்தான். இதற்கும் மேலே ஆலைகளில் ஓடும் பிரமாண்டமான விசிறி வகைகள் உண்டு. அவை நம் காட்டுக்கு வராது, விட்டுவிடுவோம்.

வாங்கும்போது இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அழுத்தம் என்பது காற்று எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பது. கிலோவிலோ பவுண்டிலோ சொல்வார்கள், ஒரு கிலோ சுமார் 14 பவுண்டு. காற்றின் அளவு என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி வரும் என்பது, இதைத்தான் சி.எஃப்.எம். என்கிறார்கள். பன்னிரண்டு கிலோ அழுத்தம் இருந்தும் காற்று போதாவிட்டால் தண்ணீர் ஏறாது. காற்று நிறைய இருந்தும் அழுத்தம் போதாவிட்டால் அடியிலிருந்து ஒரு குமிழிகூட வெளியே வராது.

போருக்குள் என்ன நடக்கிறது?

போருக்குள் இரண்டு குழாய் இறங்கும். ஒல்லியானது காற்றுக் குழாய், பருமனானது தண்ணீர் ஏறும் குழாய். அடியில் காற்று தண்ணீர்க் குழாய்க்குள் புகும். நிறையப் பேர் நினைப்பது போலக் காற்று தண்ணீரை மேலே தள்ளுவதில்லை. குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்துவிடுகிறது. குழாய்க்கு வெளியே நிற்கும் எடை கூடிய தண்ணீர், உள்ளே இருக்கும் லேசான கலவையை அழுத்தி மேலே ஏற்றுகிறது. பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பு தாண்டுவதும் உள்ளே குமிழி சேர்ந்து கன அளவு கூடுவதால்தான், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஜெர்மனியில் 1797-லேயே லோஷர் என்ற சுரங்கப் பொறியாளர் கண்ட முறை இது.

ஆக, கம்ப்ரசர் தண்ணீர் எடுக்க வேண்டுமென்றால் குழாய்க்கு வெளியே போதுமான தண்ணீர் நிற்க வேண்டும். உதாரணமாக, காற்று புகும் இடம் 250 அடியில், ஓடும்போது தண்ணீர் மட்டம் 200 அடியில் என்று வைப்போம். தண்ணிக்குள் மூழ்கியிருப்பது வெறும் 50 அடி. மொத்த நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த நிலையில் தண்ணி கக்கிக் கக்கித்தான் வரும், கரண்டு மட்டும் குறையாமல் போகும். அதே போர் 400 அடி ஆழம் என்றால், குழாயை 380 அடிக்கு இறக்குங்க. இப்போது மூழ்கியிருப்பது 180 அடி, கிட்டத்தட்டப் பாதி. அதே கம்ப்ரசர், அதே மோட்டார், தண்ணீர் தெளிவாகக் கூடும். பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை மூழ்கியிருப்பதுதான் நல்ல நிலை.

ஆனால் குழாயை இறக்க இறக்க, ஓட்ட ஆரம்பிக்கும்போது வேண்டிய அழுத்தம் ஏறும். 33 அடித் தண்ணீருக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. மழை பெய்து மட்டம் 60 அடிக்கு வந்திருக்கும் மாதத்தில், 380 அடியில் காற்று புக வேண்டுமென்றால் 320 அடித் தண்ணீரைத் தள்ளித் திறக்க வேண்டும். பத்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கட்டக் கம்ப்ரசர் இங்கே திணறும். ஆழமான போருக்கு இரண்டு கட்டம் கேட்பது இதனால்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு பயன் உண்டு. கம்ப்ரசரில் இருக்கும் அழுத்த மீட்டர் நம் போரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் அளவுகோலும்கூட. காலையில் ஓட்ட ஆரம்பித்ததும் முள் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பாருங்க. ஆறு கிலோ என்றால் காற்று புகும் இடத்துக்கு மேலே சுமார் 200 அடித் தண்ணீர் நிற்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து முள் இரண்டு கிலோவில் நின்றால், 66 அடிதான் மிச்சம். குழாய் உராய்வால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வந்தால், போர் எந்த மாதத்தில் இறங்குகிறது, பக்கத்தில் புதுப் போர் போட்ட பிறகு நமக்கு என்ன ஆனது, குளம் நிரம்பினால் எத்தனை நாளில் மட்டம் ஏறுகிறது எல்லாம் கையில் இருக்கும். பஞ்சாயத்தில் பேசும்போது வாய்ப்பேச்சைவிட இந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். மீட்டர் உடைந்து கிடந்தால் முதலில் அதை மாற்றுங்க.

கரண்ட் கணக்கு

நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீரை 200 அடியிலிருந்து தூக்க, சுத்தமான வேலை என்று பார்த்தால் முக்கால் எச்.பி.க்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் சேர்ந்து நூற்றுக்கு 40 திறன் என்று வைத்தால் 2 எச்.பி. வேண்டும். கம்ப்ரசர் முறையில் சூடாகப் போவது, குழாய்க்குள் குமிழி தண்ணீரை விட்டு நழுவி ஓடுவது என்று இரண்டு இடத்தில் இழப்பு. நூற்றுக்கு 15 முதல் 20 திறன் என்று வைத்தால் அதே தண்ணீருக்கு 4, 5 எச்.பி. ஆகிறது. குழாய் சரியாக மூழ்காத போரில் இன்னும் மோசம்.

"1990-லிருந்து கரண்ட் இலவசம்தானே, என்ன போச்சு?" என்று கேட்கலாம். மூணு பேஸ் கரண்ட் வருகிற மணி நேரம் இலவசமாகக் கூடுவதில்லையே. அந்த நேரத்துக்குள் எவ்வளவு தண்ணி எடுக்கிறோம் என்பதுதான் நம் விளைச்சல். ஒரே டிரான்ஸ்பார்மரில் எல்லோரும் பெரிய கம்ப்ரசர் மோட்டாரை ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி எல்லோருக்கும்தான் சுருள் கருகும். நாளைக்கு சோலார் போட நினைக்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தகடு வாங்குகிற பணம் எச்.பி.யைப் பொறுத்தது.

அப்படியானால் கம்ப்ரசரே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. போர் கோணலாகப் போயிருந்தால், துளை குறுகலாக இருந்தால், மணலும் சேறும் கலந்து வந்தால் நீர்மூழ்கி மோட்டார் மாட்டிக்கொள்ளும் அல்லது தேய்ந்துபோகும். கம்ப்ரசர் முறையில் போருக்குள் ஓடுகிற பாகம் எதுவுமே இல்லை, மிஷின் முழுக்க மேலே. தண்ணி வற்றினால் வெறும் காற்று வரும், எதுவும் கருகாது. ஒரே கம்ப்ரசரிலிருந்து வால்வைத் திருப்பி இரண்டு மூன்று போருக்குக் காற்று கொடுத்து, வருகிற தண்ணீரைக் கிணற்றிலோ தொட்டியிலோ சேர்த்து, அங்கிருந்து வேறு மோட்டாரில் பாய்ச்சலாம். ஒவ்வொரு போரிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் ஊறுகிறது என்றால் இது நல்ல ஏற்பாடு.

போர் நேராக இருந்து, மணல் வராமல், வற்றுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் என் ஓட்டு நீர்மூழ்கிக்குத்தான். போரின் ஊற்றுக்குத் தக்க ஒன்று, ஒன்றரை எச்.பி. மோட்டார், தண்ணி இல்லாவிட்டால் தானே நிறுத்தி, ஊறிய பிறகு தானே ஓட்டும் பேனல் போதும். மோட்டார் கருகியது ஊற்று குறைவு என்பதால் மட்டுமல்ல, ஊற்றைவிடப் பெரிய மோட்டாரைப் போட்டதாலும்தான்.

ரிக் வண்டி காட்டும் தண்ணி

ஊற்று எவ்வளவு என்று எப்படித் தெரியும்? போர் போட்ட அன்று தெரிந்ததே என்பார்கள். அங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று ஏமாற்றாமலே.

திருச்செங்கோட்டிலிருந்து வருகிற ரிக் வண்டியில் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேல் காற்று தரும். அந்தக் காற்றுதான் ராடு வழியாகப் போய் அடியிலுள்ள சுத்தியலை அடிக்க வைக்கிறது, உடைந்த பாறைத் தூளையும் அதுவே மேலே தூக்கி வருகிறது. தண்ணீர் பட்டதும் ஆளுயரத்துக்குப் பீய்ச்சும். தேங்காய் உடைத்துக் கும்பிடுவோம். அது துளையில் சேர்ந்து நின்ற தண்ணீரையும் சேர்த்து அடித்து எறிகிற காட்சி. நிலையான ஊற்று தெரிய, பீய்ச்சி முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது காற்றடித்துக்கொண்டே இருந்து, ஓடி வருகிற தண்ணீரை மண் அணை கட்டி ஒரு பக்கமாகத் திருப்பி அளக்க வேண்டும்.

"ஒரு இஞ்சு தண்ணி, ரெண்டு இஞ்சு தண்ணி" என்ற பேச்சுக்கும் கணக்கு உண்டு. செங்கோணமாக வெட்டிய வி வடிவத் தகட்டில் தண்ணீர் எத்தனை இஞ்சு உயரம் வழிகிறது என்பதுதான் அந்த அளவு. ஒரு இஞ்சு என்றால் மணிக்குச் சுமார் 500 லிட்டர். ஒன்றரை இஞ்சு என்றால் சுமார் 1,400. இரண்டு இஞ்சு என்றால் 2,900 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மடங்கு இல்லை, அஞ்சரை மடங்குக்கு மேல்! கண்ணால் பார்த்து அரை இஞ்சு கூட்டிச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசிங்க. அந்தச் சொல்லை நம்பி வட்டிக்கு வாங்கி மோட்டார், குழாய், சொட்டுநீர் எல்லாம் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர். தகடு இல்லையா, 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். ஒரு நிமிடத்தில் மூன்று வாளி நிரம்பினால் 60 லிட்டர்.

பழைய போரில் சேறு அடைத்திருந்தால் இதே லாரிக் கம்ப்ரசரை வைத்துக் காற்றடித்துக் கழுவுவதும் உண்டு. அடைப்பினால் குறைந்த ஊற்று திரும்பும். பாறை விரிசலில் தண்ணியே இல்லையென்றால் கழுவி எதுவும் வராது, வாடகைதான் மிச்சம்.

டிராக்டர் கம்ப்ரசர்

கிணறு வெட்டுகிறவர்கள் கொண்டுவருவது டிராக்டர் என்ஜினில் ஓடும் பிஸ்டன் கம்ப்ரசர். அதன் காற்றில் ஜாக்ஹாம்மர் ஓடிப் பாறையில் குழி போடும், பிறகு வெடி. இது நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வறண்ட பாறையைக் குடையும்போது கிளம்பும் வெள்ளைத் தூளில் இருப்பது சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் தங்கி, தழும்பாகி, சில வருடத்தில் ஆளை மூச்சு வாங்க வைக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குத் தீர்க்கும் மருந்து கிடையாது. துண்டை மூக்கில் கட்டினால் போதாது. தண்ணி ஊற்றிக்கொண்டே குடைந்தால் தூள் அடங்கும். நம் கிணற்றில் வேலை செய்ய வருகிறவருக்கு ஒரு டிரம் தண்ணியும் ஒரு ஓஸும் ஏற்பாடு செய்து கொடுப்பது நம் பொறுப்பு. வெடித்த பிறகு கம்ப்ரசர் காற்றை நன்றாக அடித்துப் புகையை வெளியேற்றாமல் யாரையும் கிணற்றில் இறக்க வேண்டாம்.

எண்ணெய் எங்கே போகிறது?

இயற்கை விவசாயம் செய்கிற நாம் இதைக் கட்டாயம் பேச வேண்டும். பிஸ்டன் கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. ரிங் தேயத் தேய அந்த எண்ணெய் புகை மாதிரிக் காற்றோடு கலந்து போருக்குள் போகிறது. மாதா மாதம் அரை லிட்டர், ஒரு லிட்டர் ஊற்றுகிறோம் என்றால், ஒழுகின தடம் வெளியே தெரியவில்லை என்றால், அது எங்கே போயிருக்கும்? தண்ணீரில்தான். ரசாயன உரம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்ஜின் ஆயிலைப் பாய்ச்சக் கூடாது.

ஒரு வெள்ளை எவர்சில்வர் தட்டில் தண்ணி பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்க. வானவில் நிறம் மிதந்தால் ரிங் மாற்ற நேரமாகிவிட்டது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை அடியோடு விடுங்க; கம்ப்ரசருக்கென்று விற்கிற எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், அளவுக்கோட்டுக்கு மேல் கூடாது. காற்று இழுக்கும் வாயில் உள்ள பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்க. தூசி போனால் ரிங் சீக்கிரம் தேயும். கம்ப்ரசருக்கும் போருக்கும் நடுவில் ஒரு காற்றுத் தொட்டி இருந்தால் எண்ணெயில் ஒரு பங்கு அதில் தங்கும், அடிக்குழாயைத் தினம் திறந்து வடித்துவிடலாம். வருகிற தண்ணீரை நேராகப் பாத்திக்கு விடாமல் தொட்டியில் நிறுத்தி, மேலே மிதக்கும் படலத்தை வழியவிட்டு, அடியிலிருந்து எடுங்க. சொட்டுநீர்த் துளை அடைபடுவதும் இதனால் குறையும். குடிக்க இந்தத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வாடை தெரியாவிட்டாலும் வேண்டாம்.

எண்ணெய் இல்லாத காற்று தேவைப்படும் இன்னொரு இடம் சிறுதானிய ஆலை. உழவர் குழுக்கள் வாங்கும் கலர் சார்ட்டர் மிஷினில் கேமரா கருத்த மணியைப் பார்த்ததும், கண் இமைப்பதற்குள் ஒரு காற்றடி அதைத் தனியே தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் சாமை அரிசியின் மேலேயே படியும். மிஷினுக்கு விலை பேசுகிறபோதே காற்றை உலர்த்தும் டிரையரையும் எண்ணெய் வடிகட்டியையும் சேர்த்துப் பேசுங்க. பால் கறக்கும் மிஷினில் இருப்பது கம்ப்ரசரின் தலைகீழ். காற்றை அழுத்தாமல் உறிஞ்சுகிறது.

ஆபத்து பற்றிச் சுருக்கமாக. காற்றுத் தொட்டி என்பது குண்டு மாதிரி. பாதுகாப்பு வால்வில் காற்று கசிகிறது என்று கம்பி வைத்து அடைக்க வேண்டாம். அடியில் சேரும் தண்ணீரை வடிக்காவிட்டால் உள்ளிருந்து துரு அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளக்கும். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டினால் வேட்டி, துண்டு, சேலை முந்தானை எது சிக்கினாலும் ஆளையே இழுத்துவிடும். விளையாட்டுக்காக உடம்பில் காற்றடித்து உயிர் போன சம்பவங்கள் நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன. பிள்ளைகளைக் கிட்டே விடாதீங்க.

எடுக்கிற தண்ணி எவ்வளவு?

நிமிடத்துக்கு 60 லிட்டர், நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 18,000 லிட்டர். நல்ல போர் என்றுதான் சொல்வோம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 40,000 லிட்டர். அதாவது நாள் முழுக்கக் கம்ப்ரசர் இருமித் துப்பியது அரை சென்டிமீட்டர் மழைக்கும் குறைவு. கம்ப்ரசர் பெரிசானால் பாறை விரிசலில் தண்ணி கூடாது, சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். வரப்பை உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே குழி எடுத்து, மூடாக்குப் போட்டு அந்த ஒரு சென்டிமீட்டரைக் காட்டுக்குள்ளேயே நிறுத்துவதற்கு எச்.பி. தேவையில்லை. பக்கத்தில் கடவூர் சுருமான்பட்டியில் நம்மாழ்வார் வானகத்துக்கு எடுத்ததும் இதே மாதிரி வறண்ட நிலம்தான். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசியாக, தண்ணி வராமல் போன போர்கள். கம்ப்ரசர் குழாயை உருவி வேறு போருக்கு மாற்றும்போது, பழைய துளை திறந்து கிடப்பதுதான் வழக்கம். 2019 அக்டோபர் 25-ம் தேதி மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு துளைக்குள் விழுந்தது. பக்கத்தில் குழி தோண்ட வந்த ரிக் மிஷினே நம் பாறையில் திணறியது. நான்கு நாள் கழித்து உயிரற்ற உடலைத்தான் எடுக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது: ஓடுகிற போரின் கேசிங் குழாய்க்கு இரும்புத் தகட்டால் மூடி போட வேண்டும், சுற்றிலும் சிமென்ட் மேடை கட்ட வேண்டும், கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், போர்த் தூள் கொண்டு நிரப்ப வேண்டும். மழைநீர் இறக்கப் பயன்படுத்த நினைத்தால், துளைக் குழாயை அகற்றாமல், சுற்றிக் குழி எடுத்து ஜல்லி, மணல் போட்டு, குழாயின் வாயை மூடி, பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு வலை சுற்றி வடிகட்டிய தண்ணீரை மட்டும் உள்ளே விடுங்க. குழாயை உருவுகிற அன்றைக்கே, கம்ப்ரசர் மெக்கானிக் கிளம்புவதற்கு முன்னாலேயே, இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.